மலேசியத் தமிழர் இல்லச் சீரமைப்பு: முன்றில் முதல் புழக்கடை வரை

முன்னுரை

மலேசிய நகர்ப்புறங்களில் வாழும் தமிழர்களுள் பெரும்பகுதியினர் இன்று வரிசை வீடுகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் குடியிருக்கின்றனர். இவ்வீடுகள் எல்லா இனத்தவர்க்கும் பொதுவான ஒரே வரைபடத்தைக் கொண்டு வீடமைப்பு நிறுவனங்களால் கட்டி விற்கப்படுபவை. இவற்றை வாங்கியோர் குடிபுகுமுன்போ, குடிபுகுந்து சில ஆண்டுகள் கழித்தோ, இடித்தும் நீட்டியும் அடைத்தும் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்கின்றனர். பேச்சு வழக்கில் ‘ரெனோவேஷன்’ என்றே வழங்கும் இம்மாற்றத்தை இக்கட்டுரை ‘இல்லச் சீரமைப்பு’ எனக் குறிப்பிடுகிறது.

இல்லச் சீரமைப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதனை அழகுணர்ச்சி சார்ந்ததாகவோ செல்வநிலையின் வெளிப்பாடாகவோ காண்பர். அதில் உண்மை உண்டு. ஆயினும், ஒரு குடும்பம் எச்சுவரை இடிக்கிறது, எவ்வெளியை அடைக்கிறது, எதனைத் தொடாமல் விட்டுவைக்கிறது என்பவற்றை வரிசைப்படுத்தி நோக்கினால் அவற்றில் ஓர் ஒழுங்கு புலப்படும். தெருவில் தொடங்கி அடுப்பங்கரை வரை படிப்படியாக உள்ளே செல்லும் தமிழ் மனையின் பழைய ஒழுங்கே அது. பொது வரைபட வீட்டிற்குள் அவ்வொழுங்கை மீண்டும் அமைத்துக்கொள்ளும் முயற்சியாகவே தமிழர் இல்லச் சீரமைப்பு பெரிதும் அமைகிறது என்பது நம் கருத்து. இம்முயற்சியில் இடம் கூடுகிறது; ஆனால், காற்றும் வெளிச்சமும் குறைகின்றன. வீட்டின் உறுப்புகளைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களும் அவற்றோடு சேர்ந்து மறைகின்றன. இவ்விரு இழப்புகளும் தவிர்க்கக்கூடியவையே என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லயத்திலிருந்து சொந்த வீட்டிற்கு

தமிழர்கள் வீட்டைச் சீரமைப்பதில் காட்டும் ஈடுபாட்டைப் புரிந்துகொள்ள அவர்களின் குடியிருப்பு வரலாற்றை நினைவிற்கொள்ளல் வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மலாயாத் தமிழர்களுள் மிகப் பலர் இரப்பர்த் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்தனர். லயம் தோட்ட நிருவாகத்தின் உடைமை. வேலை உள்ளவரைதான் வீடு. 1966ஆம் ஆண்டிலும் பின்னர் 1990ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட தொழிலாளர் வீடமைப்புச் சட்டங்கள் அவ்வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்தன; எனினும், குடியிருந்தவர்க்கு வீட்டுரிமை அவற்றால் வந்துவிடவில்லை.

ஆயினும், லயத்து மக்கள் தம் வீடுகளை அப்படியே விட்டுவிடவில்லை. முன்னே ஒரு பந்தல், பின்னே விறகடுப்பிற்கு ஒரு சாய்ப்பு, அதையொட்டி முருங்கையும் கறிவேப்பிலையும் என இயன்றவரை அவ்விடத்தைத் தமதாக்கிக்கொண்டனர். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, வேலையோடு வீடும் போகும் நிலை பலருக்கு ஏற்பட்டது. 1960இல் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் இந்நெருக்கடிக்கு விடையாக எழுந்ததே. பிற்காலத்தில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறின. தோட்டத்துப் பிள்ளைகள் நகர்ப்புறத் தாமான்களில் வீடு வாங்கினர்.

பிறர் உடைமையான கூரையின்கீழ்ப் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கும் அதன் பிள்ளைகளுக்கும், ஒரு சுவரைத் தம் விருப்பப்படி இடித்துக் கட்டுவது வெறும் அலங்காரச் செயலன்று. அது உரிமையின் செயல். வங்கிக்கடன் முடியுமுன்னரே மற்றொரு கடன் பெற்றுச் சீரமைப்பில் இறங்கும் குடும்பங்களை ஆடம்பரப் பிரியர் என எளிதில் ஒதுக்கிவிடுவது இவ்வரலாற்றை மறந்த பார்வையாகும்.

வரிசை வீட்டின் அமைப்பும் தமிழ் மனையின் ஒழுங்கும்

மலேசிய வரிசை வீடு பெரும்பாலும் 20 அல்லது 22 அடி அகலமும், 65 முதல் 75 அடி வரை நீளமும் உடைய நிலத்தில் அமைவது. இருபுறமும் அண்டை வீட்டோடு பொதுச்சுவர். ஆதலால், நடுவீடுகளுக்குக் காற்றும் வெளிச்சமும் முன்பக்கத்தாலும் பின்பக்கத்தாலும் மட்டுமே வரவியலும். முன்னே மகிழுந்து நிறுத்துமிடம், அடுத்து வரவேற்பறை, உணவுண்ணும் இடம், பின்னே சமையலறை, அதன்பின் சிறு திறந்தவெளி, அதற்கப்பால் பின்சந்து என்பது அதன் பொதுவான வரிசை. மாடியிருப்பின் படுக்கையறைகள் மேலே செல்லும்.

தமிழ் மனையின் மரபான ஒழுங்கை இதனோடு ஒப்பிடலாம். வாசல், திண்ணை, இடைகழி, முற்றம், அதனைச் சுற்றிய தாழ்வாரம், கூடம், சமையற்கட்டு, புழக்கடை என அது உள்நோக்கிச் செல்கிறது. ஒவ்வோர் இடமும் யார் எதுவரை வரலாம் என்பதையும் கூறாமற் கூறுகிறது. வழிப்போக்கர்க்குத் திண்ணை, விருந்தினர்க்குக் கூடம், வீட்டார்க்கும் நெருங்கிய உறவினர்க்கும் சமையற்கட்டு என்பது அதன் நெறி. முதலாழ்வார் மூவரும் திருக்கோவலூரில் ஒரு மழையிரவில் ஒதுங்கியதாகக் கூறப்படும் இடமும் இடைகழியே. வெளிக்கும் உள்ளுக்கும் இடைப்பட்ட அச்சிறு வெளிக்கு நம் மரபில் இருந்த மதிப்பை அது காட்டும். மரபான மலாய் வீட்டிலும் செரம்பி எனும் முன்தாழ்வாரம், ரூமா இபு எனும் நடுவீடு, பின்னே டாப்பூர் எனும் சமையலறை என இதனையொத்த ஒரு படிநிலை உண்டு. ஆகவே, இடங்களை இவ்வாறு தரம்பிரித்தல் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. வரிசை வீட்டின் வரைபடம் எல்லா மரபுகளுக்கும் பொதுவாக இருக்கவேண்டி, எம்மரபின் இடைவெளிகளையும் முழுமையாகக் கொள்ளாததாயிற்று.

முன்றிலும் நிலைவாசலும்

இல்லின் முன்னிடம் முன்றில். இல்லின் வாய் வாயில். இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாக இவ்விரு சொற்களையும் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். இன்று அம்முன்றிலாக விளங்குவது மகிழுந்து நிறுத்துமிடமே. கோலம் இடுவது அங்கு. காலணி கழற்றுவது அங்கு. மாலையில் நாற்காலி போட்டு அண்டை அயலாரோடு பேசுவதும் அங்கே. திருமணத்திற்குப் பந்தல் எழுவதும், துக்கத்திற்கு வந்தோர் அமர்வதும் அவ்விடத்திலேயே.

சீரமைப்பில் முதலில் மாறுவது இப்பகுதியாகும். பளபளக்கும் தரை ஓடு பதித்தல், மேலடைப்பைச் சாலையோர எல்லை வரை நீட்டுதல், வரவேற்பறையின் முன்சுவரை முன்னே தள்ளுதல் ஆகிய மூன்றும் பரவலாகக் காணப்படுகின்றன. தேர்வு சிறிதாகத் தோன்றினும் விளைவு சிறிதன்று. வழவழப்பான ஓட்டில் கோலமாவு நிற்பதில்லை. மழைச்சாரல் பட்டால் முதியோர் வழுக்கி விழவும் கூடும். சொரசொரப்பான ஓட்டைத் தேர்ந்தால் இரண்டு குறைகளும் நீங்கும். வரவேற்பறையை முன்னே நீட்டி முன்றிலை முழுவதும் விழுங்கிவிட்டால், நன்மை தீமைகளுக்குக் கூடும் வெளி இல்லாமற்போய்ச் சாலையையே நாட வேண்டியதாகும்.

வாசற்கதவும் கருதத்தக்கது. இழுத்துத் திறக்கும் கண்ணாடிக் கதவு வரவேற்பறையைப் பெரிதாகக் காட்டும். ஆனால், அலுமினியச் சட்டத்தில் மாவிலைத் தோரணம் கட்ட இடமில்லை. தரையோடு தரையாக ஓடும் தடத்தில் மஞ்சள் பூசிக் குங்குமம் இடப் படியும் இல்லை. இதனாலேயே தமிழ்க் குடும்பங்கள் பல, கண்ணாடிக் கதவை நீக்கி மரத்தாலான நிலையும் இரட்டைக் கதவும் அமைத்துக்கொள்வதைக் காண்கிறோம். புதுமனை புகுவிழாவில் நிலைவாசலுக்குச் செய்யும் வழிபாட்டை நினைத்தால் இத்தேர்வின் பொருள் விளங்கும்.

பூசையறையும் திசைகளும்

பொது வரைபடத்தில் இடம்பெறாததும், தமிழ் இந்துக் குடும்பங்கள் தவறாது சேர்ப்பதும் பூசையறையாகும். கீழ்த்தளத்துச் சிறு அறையையோ பொருள்வைப்பறையையோ பூசையறையாக மாற்றுவோர் உளர். அறைக்கு வழியில்லாதோர் சுவரோடு பொருந்திய மாடத்தை அமைப்பர். இவ்விடத்தில்தான் வாஸ்து பற்றிய உரையாடல் தொடங்குகிறது.

மனை அமைக்குமுன் திசை பார்த்தல் தமிழ் மரபில் தொன்மையானது. நூலறிந்தோர் கதிரவனின் நிழலைக்கொண்டு திசை கணித்துக் கயிறிட்டு அரண்மனைக்கு இடம் வகுத்த செய்தியை நெடுநல்வாடை கூறுகிறது. ஆனால், அங்கே திசைக்கேற்ப மனை எழுந்தது; வரிசை வீட்டிலோ மனை முன்பே எழுந்துவிட்டது. சாலை செல்லும் போக்கே வீட்டின் முகத்தைத் தீர்மானிக்கிறது. ஒரே சாலையின் இருபுறமும் உள்ள வீடுகள் எதிரெதிர்த் திசைகளை நோக்குவன. அவற்றின் வரைபடமோ ஒன்று. கிழக்கு நோக்கிய வீட்டில் வடகிழக்கு மூலை முன்புறத்தில் அமையும். எதிரே மேற்கு நோக்கிய வீட்டில் அதே மூலை பின்புறத்தில், பல வேளைகளில் சமையலறை அல்லது குளியலறை உள்ள இடத்தில் விழும். கிழக்கு நோக்கிய வீட்டுக்காரர்க்குப் பூசையறை எளிதாகும். ஆனால், அடுப்பிற்குரியதாகக் கருதப்படும் தென்கிழக்கு மூலை அவர்க்கு வாசற்பக்கம் வந்துவிடும். ஆகவே, இவ்வகை வீடுகளில் எல்லா மூலைகளையும் நூல் கூறியவாறு பொருத்துதல் இயலாது. குளியலறையையே பெயர்த்து வேறிடத்தில் அமைக்கும் பெருஞ்செலவு இதனை அறியாமையால் நேர்வதுண்டு. குழாய்களின் சரிவும் நீர்க்காப்பும் குலைந்தால் கசிவு நெடுநாள் தொடரும். அடுப்பு, சுவாமி மாடம், படுக்கை ஆகியவற்றின் முகத்தைத் திருப்பி நிறைவு காணும் குடும்பங்களின் வழியே நடைமுறைக்கு ஏற்றதாகும்.

பூசையறையைப் பொறுத்தவரை திசையினும் முதன்மையான இரண்டு செய்திகள் உள. ஒன்று, காற்றோட்டம். விளக்கும் சாம்பிராணியும் நாள்தோறும் எரியும் இடத்தில், அட்டைப்பலகை மாடத்திற்கும் சுடருக்கும் போதிய இடைவெளியும், புகை வெளியேற ஒரு திறப்பும் தேவை. மற்றொன்று, முதியோர். அமைதி கருதிப் பூசையறையை மாடிக்கு மாற்றுவோர் உளர். முழங்கால் வலியால் படியேற இயலாத பாட்டி விளக்கேற்றும் உரிமையை அன்றே இழந்துவிடுகிறார். விளக்கேற்றுதலும் தேவாரம் பாடுதலும் பெயரப்பிள்ளைகளுக்குப் பாட்டியின் வழியாகவே சென்றுசேரும் வீடுகளில் இது சிறிய இழப்பன்று. கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறை, கைப்பிடியுடன் கூடிய குளியலறை, அருகில் பூசையிடம் என்பன ஒருங்கே அமையுமாயின் அதுவே நன்கு சிந்தித்த சீரமைப்பு எனலாம்.

சமையற்கட்டு

சீரமைப்பில் பெரும்பணம் செல்வது சமையற்பகுதிக்கே. மூல வீட்டின் சமையலறையைப் பின்னெல்லை வரை நீட்டி, உள்ளே ‘உலர்’ சமையலறை, பின்னே ‘ஈர’ச் சமையலறை என இரண்டாகப் பகுப்பது மலேசியாவில் எல்லா இனத்தவரிடையேயும் பரவியுள்ள வழக்கம். முன்னதில் குளிர்பதனப் பெட்டியும் கொதிகலனும் அழகிய அலமாரிகளும்; பின்னதில் தாளிப்பும் வறுவலும் மீன் கழுவுதலும்.

இதனைப் புதிய நாகரிகம் எனக் கருத வேண்டியதில்லை. தமிழகப் பெருவீடுகள் முதற்கட்டு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு எனப் பகுக்கப்பட்டிருந்தன. சமையற்கட்டு எனும் சொல்லிலுள்ள ‘கட்டு’ வீட்டின் அப்பகுதியையே குறிக்கும். சமையலறையில் நீர் புழங்கும் பள்ளமான இடத்திற்கு அங்கணம் என்று பெயர்; கழிவுநீர் செல்லும் இடம் என்னும் பொருளில் திருக்குறளின் 720ஆம் பாவிலும் அச்சொல் ஆளப்பட்டுள்ளது. இன்று குத்தகையாளர் ஈரச் சமையலறையின் தரையை ஓரங்குலம் தாழ்த்தி வடிகால் வைத்துத் தருவது அங்கணத்தின் மறுவடிவமே.

அம்மியும் ஆட்டுக்கல்லும் பெரும்பாலும் சீரமைப்பின்போது வீட்டைவிட்டு வெளியேறுகின்றன. அரைக்கும் பணியை மின்கருவி ஏற்றுக்கொண்டபின் அவற்றின் எடைக்கும் இடத்திற்கும் நியாயம் கூறுவது கடினம். எனினும், திருமணத்தில் அம்மி மிதிக்க ஓர் அம்மி வேண்டுமே என்பதற்காகச் சிலர் அதனைப் புழக்கடையின் மூலையில் காத்து வைத்திருக்கின்றனர்.

மறைந்த முற்றம்

இனி, சீரமைப்பின் மிகப் பெரிய இழப்பை நோக்குவோம். முன்னே வரவேற்பறையும் பின்னே சமையலறையும் நீட்டப்பட்ட நடுவீட்டின் நிலை என்ன? முன்பு பின்வெளியை நோக்கித் திறந்த சன்னல் இப்பொழுது மற்றோர் அறையை நோக்கித் திறக்கிறது. 60 அடிக்கு மேல் நீண்ட கூரையின்கீழ், நடுப்பகுதியில் பட்டப்பகலிலும் மின்விளக்கு எரிகிறது. வெப்பக்காற்று வெளியேற வழியின்மையால் குளிர்சாதனம் தேவையாகிறது. குளிர்சாதனத்திற்காக எஞ்சிய திறப்புகளும் அடைக்கப்படுகின்றன. ஈரச் சுவரில் பூசணம் படிகிறது.

மலேசியாவின் 1984ஆம் ஆண்டு ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகள் இதனை முன்னுணர்ந்து அளவு வகுத்துள்ளன. குடியிருப்பு அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டிற்குக் குறையாத பரப்பில் சன்னல்கள் இருத்தல் வேண்டும். தடையின்றிக் காற்று நுழையும் திறப்பு 5 விழுக்காட்டிற்குக் குறைதல் கூடாது. 120 சதுர அடி அறைக்கு 12 சதுர அடி சன்னலும், அதில் 6 சதுர அடி திறப்பும் வேண்டும் என்பது இதன் பொருள். அறைக்கு வெளிச்சுவர் இல்லாதபோது காற்றுக்கிணறு அமைக்கலாம். இரண்டு மாடி வரையிலான கட்டடத்திற்கு அதன் குறைந்தபட்சப் பரப்பு 7 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 75 சதுர அடி.

இக்காற்றுக்கிணறு நாம் முற்றம் என்று வழங்கியதன் சிற்றுருவமேயன்றி வேறன்று. செட்டிநாட்டு வீட்டின் வளவு இத்தகைய திறந்த நடுவெளியைச் சுற்றியே எழுந்தது. பினாங்கு ஜார்ஜ்டவுனிலும் மலாக்காவிலும் உள்ள பழைய கடைவீடுகள் குறுகிய அகலமும் நெடிய ஆழமும் கொண்டவை. அவை இருண்டுபோகாமல் காத்தது நடுவிலுள்ள திறந்தவெளியே. 2008இல் யுனெஸ்கோ இவ்விரு நகரங்களையும் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. தமிழர்க்கும் சீனர்க்கும் பொதுவான இப்பட்டறிவைச் சீரமைப்பில் மீட்டுக்கொள்வது அரிதன்று. பின்பகுதியை முழுவதும் அடைக்காமல், பழைய பின்சுவருக்கும் புதிய சமையற்கட்டிற்கும் இடையே ஒரு சிறு வெளியை விடலாம். கம்பிவலையால் பாதுகாத்து, ஒரு துளசிமாடமோ கறிவேப்பிலைச் செடியோ வைத்தால் அதுவே முற்றமாகும். 75 சதுர அடியை இழப்பதாக அன்றி, நடுவீட்டை மீட்பதாக இதனைக் கருத வேண்டும்.

அனுமதியும் அடித்தளமும்

1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி, ஊராட்சி மன்றத்தின் முன் எழுத்துமூல இசைவின்றிக் கட்டடத்தை எழுப்புதலும் விரிவுபடுத்துதலும் குற்றமாகும். அண்டை வீட்டாரின் ஒப்புதலையும் மன்றங்கள் பல கோருகின்றன. பொதுச்சுவரைப் பகிர்ந்து வாழ்வோரிடையே இது சட்டத்தேவை மட்டுமன்று; நல்லுறவின் தேவையுமாகும். குத்தகையாளர், 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த கட்டுமானத் தொழில்துறை மேம்பாட்டு வாரியத்தில் பதிந்தவராதல் வேண்டும். வேலைப்பட்டியல், பொருளின் தரம், தவணைமுறை, முடிக்கும் நாள் ஆகியவற்றை எழுத்தில் பெறுதல் இன்றியமையாதது. உறவின் முறையிலும் கோயில் அறிமுகத்திலும் வாய்ச்சொல்லாகவே வேலையை ஒப்படைக்கும் வழக்கம் நம்மிடையே மிகுதி. தகராறு எழும்போது உறவும் போய்ப் பணமும் போவதற்கு அதுவே காரணமாகிறது.

கட்டுமானத்தில் அடிக்கடி நேரும் குறை, மூலக் கட்டடமும் நீட்சியும் சேருமிடத்தில் காணும் வெடிப்பாகும். மென்மையான களிமண் நிலத்தில் மூலக் கட்டடம் ஆழ்ந்த முளைத்தூண்களின்மேல் நிற்கலாம். பின்னர்ச் சேர்க்கப்பட்ட பகுதி ஆழமற்ற அடித்தளத்தில் நிற்கும். இரண்டும் ஒரே அளவில் தாழ்வதில்லை; புதிய பகுதி மிகுதியாகத் தாழ, சேர்க்கை பிளக்கிறது. அடித்தளத்தை மண்ணுக்கேற்ப அமைத்தலும், இரு பகுதிகளுக்கும் இடையே பிரிப்பிடைவெளி விடுதலும் இதற்குரிய வழிகள். வெடிப்பின்மேல் சாந்து பூசி வண்ணம் தீட்டுவது மறைப்பேயன்றி மருந்தாகாது. ஆகவே, கண்ணுக்குத் தெரியும் கூரை அலங்காரத்திற்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை மண்ணுக்குள் மறையும் அடித்தளத்திற்கு ஒதுக்குதல் அறிவுடைமையாகும்.

சிங்கப்பூர்: ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரில் இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. 1960இல் நிறுவப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் நீட்டுவதற்கு நிலமில்லை. மாற்றம் முழுவதும் நான்கு சுவர்களுக்குள் அடங்க வேண்டும். சுவர் இடித்தலுக்குக் கழகத்தின் அனுமதி வேண்டும். ஒப்புதல் பெற்ற குத்தகையாளரே வேலை செய்யலாம். கட்டமைப்புச் சுவரைத் தொட இயலாது. 1990களின் பிற்பகுதி முதல் கட்டப்பட்ட வீடுகளில் தடித்த சுவருடைய புகலறை இடம்பெறுவதால், அதனையும் மாற்றவியலாது.

அங்கு முன்றிலாக எஞ்சியிருப்பது பொது நடைவழி. தீ தடுப்பு நோக்கில் அதில் 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருத்தல் வேண்டும். ஆகவே, கோலத்திற்கு இடமுண்டு. காலணி அடுக்கிற்கும் செடித்தொட்டிக்கும் அளவுண்டு. மலேசியாவில் தாராளமாக நீட்ட முடிந்ததால் காற்றை இழந்தோம். சிங்கப்பூரில் நீட்ட முடியாமையால் சன்னல் பிழைத்தது என்று கூறின் மிகையாகாது.

வீட்டுச் சொற்களும் தமிழாசிரியரும்

ஒரு குடும்பம் தன் வீட்டின் ஒவ்வோர் உறுப்பையும் பெயர்சொல்லிப் பேசும் காலம் சீரமைப்புக் காலமே. எவ்வளவு உயரம், எந்தப் பக்கம், எவ்வகை ஓடு என்று வாரக்கணக்கில் பேச்சு நடக்கும். அப்பேச்சில் லந்தாய், டின்டிங், தாங்கா, சிலிங், போர்ச், கிரில், கேபினட் ஆகியவை நிறைந்திருக்கின்றன. தரை, சுவர், படிக்கட்டு எனும் எளிய சொற்களுக்கும் இடமில்லாமற் போகிறது. அதே வீட்டுப் பிள்ளை மறுநாள் தமிழ் வகுப்பில் ஒரு கதையை வாசிக்கிறது. திண்ணையில் தாத்தா அமர்ந்திருக்கிறார். முற்றத்தில் மழை பெய்கிறது. பிள்ளைக்குச் சொல்லும் தெரியாது, பொருளும் தெரியாது. அகராதிப் பொருளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் சொல் மனத்தில் தங்குவதில்லை.

இங்கே நாம் தூய்மைவாதம் பேசவில்லை. சன்னல், அலமாரி, சாவி ஆகிய மூன்றும் போர்த்துக்கீசியத்திலிருந்து தமிழுக்கு வந்தவை. அதே மூலச்சொற்கள் ஜென்டேலா, அல்மாரி என மலாயிலும் வழங்குகின்றன. தமிழின் கடை மலாயில் கெடாய் ஆயிற்று. பெட்டி பெத்தி ஆயிற்று. கடைவீடுகளின் முன்நடையை மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் அஞ்சடி என்றனர். 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரமைப்பில் வற்புறுத்திய முன்தாழ்வாரத்திற்கு உழைக்கும் மக்கள் அளந்து வைத்த தமிழ்ப் பெயர் அது. புதிய இடத்திற்குப் புதுப்பெயர் சூட்டும் ஆற்றல் நம் பேச்சுத் தமிழுக்கு இருந்தது என்பதற்கு அதுவே சான்று. அவ்வாற்றலை இன்று பயன்படுத்தாமல் விட்டதே குறை.

ஆகவே, வீடு பற்றிய பாடத்தைப் பழைய வீட்டிலிருந்து தொடங்காமல், மாணவர் குடியிருக்கும் வீட்டிலிருந்து தொடங்குமாறு ஆசிரியர்களுக்குப் பரிந்துரைக்கிறோம். மாணவர் தம் வீட்டின் தரைவரைபடத்தை வரைந்து, ஒவ்வோரிடத்திற்கும் வீட்டில் வழங்கும் பெயரை எழுதிவரலாம். அடுத்து, தாத்தா பாட்டியிடம் அவர்கள் வாழ்ந்த லயத்தின் வரைபடத்தைக் கேட்டு வரையலாம். மூன்றாவதாக, மரபுத் தமிழ் மனையின் வரைபடத்தை ஆசிரியர் காட்டி, மூன்றையும் பொருத்திப் பார்க்கச் செய்யலாம். போர்ச் என்பது முன்றில். பின்கட்டு என்பது ஈரச் சமையலறை. காற்றுக்கிணறு என்பது முற்றம். காற்று வரும் வழி என்னும் பொருளில் சிலப்பதிகாரத்தில் இடம்பெறும் காலதர் எனும் சொல்லையும் அப்பொழுது அறிமுகப்படுத்தலாம். அடைக்கப்பட்ட சன்னலின் அருகே வாழும் மாணவர்க்கு அச்சொல்லின் பொருள் நன்கு விளங்கும்.

முடிவுரை

மலேசியத் தமிழரின் இல்லச் சீரமைப்பு, பொதுவாக வரையப்பட்ட வீட்டைத் தமக்குரிய இல்லமாக்கும் முயற்சியாகும். முன்றில், நிலைவாசல், பூசையறை, சமையற்கட்டு ஆகியவை பெயர் மாறியும் உருமாறியும் அதில் மீண்டு வருகின்றன. மீளாதது முற்றம் ஒன்றே. அதற்குச் சட்டம் இடம் தந்துள்ளது. மரபு பெயர் தந்துள்ளது. குறைந்த செலவில் அமைக்கவும் இயலும். வீட்டைச் சீரமைக்க எண்ணுவோர் திட்டம் தீட்டும்போது, எவ்வளவு இடத்தைச் சேர்க்கலாம் என்பதோடு எவ்வளவு இடத்தைத் திறந்துவிடலாம் என்பதையும் எண்ணுதல் நலம். அத்திட்டத்தைப் பிள்ளைகளின் முன்னிலையில் தமிழிலேயே பேசித் தீர்மானித்தால், கட்டப்படும் வீட்டோடு வீட்டுச் சொற்களும் அவர்களுக்குக் கிடைக்கும். வகுப்பறையில் ஆசிரியர் தொடங்கும் பணி அவ்வாறே இல்லத்திலும் தொடரும்.